படுவான்கரைக் காட்டில் வேட்டை பழகிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். காட்டோரக் கிராமங்களில் வளர்ந்த பொடியன்மாரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணை வரலாற்றுப் பாடத்தில் மிகிந்தலைக் கதை நடந்தது. தேவநம்பியதீசன் வேட்டைக்குப் போன இடத்தில் மகிந்த தேரரைச் சந்திக்கிறான் அல்லவா, அந்த இடம். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "சேர், மான் வேட்டைக்குப் பழகிறதெண்டா முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வெல்லாவெளிக்கு மேற்கே காட்டோரத்துப் பிள்ளை அவன். தலையில் லைட் கட்டிக்கொண்டு ராவில் காட்டுக்குப் போகிற அண்ணன்மாரைப் பார்த்து வளர்கிறவன்.

பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போகும் அந்த வேட்டையில் ஒரு விசயம் இருக்கிறது. மகாவம்சம் சொல்வதன்படி அரசன் கண்ட மரை மேய்ந்துகொண்டு நின்றது. கவனமில்லாமல் நிற்கும் மிருகத்தை எய்வது முறையல்ல என்று நினைத்த அரசன், அம்பை விடாமல் வில்லின் நாணைச் சுண்டி ஓசை எழுப்பினான். மரை ஓடியது. அவன் துரத்தினான். துரத்திப்போன இடத்தில்தான் தேரர் நின்றார். இது நடந்த கதையோ எழுதப்பட்ட கதையோ, அதை எழுதியவருக்கு வேட்டைக்கும் ஒரு முறை உண்டு என்பது தெரிந்திருக்கிறது. வாசிப்பவர்களுக்கும் தெரியும் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

அந்தப் பொடியனுக்கு அன்று நான் சொன்ன பதில் நாலு நிமிசம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் உறவுகளுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் போரதீவுப்பற்று. பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி, திக்கோடை, பாலையடிவட்டை என்று மேற்கே போகப்போக வயல் குறைந்து காடு கூடும். இந்தக் காட்டில் மான் என்றால் ஒன்றல்ல. புள்ளிமான் கூட்டமாக வெளியில் மேயும். மரை பெரியது, பகலில் காட்டுக்குள் படுத்துக் கிடந்து ராவில் வெளிக்கிடும். ஆங்கிலேயர் இலங்கையில் இருந்த காலம் முழுக்க மரையை 'எல்க்' என்றே எழுதினார்கள். அவர்களுடைய பழைய நூல்களை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேளையாடு தனியாகத் திரியும், நாய் குரைப்பதுபோலக் கத்தும். உக்குளான் முயலளவு, கொம்பே இல்லை. உக்குளான் மான் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல என்கிறது விலங்கியல். எங்கள் ஆட்களுக்கு அதுவும் மான்தான்.

இந்தக் காட்டில் முதலில் வேட்டை பழகியவர்கள் வேடர்கள். மண்டூர் முருகன் கோயிலைப் பற்றிய தல மரபிலும் அவர்கள் வருகிறார்கள். முருகன் தேடிப்போய் மணந்த வள்ளி, மான் வயிற்றில் பிறந்து வேடர் குடிலில் வளர்ந்தவள் என்பது இந்துக்களின் கதை. மானும் வேடனும் ஒரே வீட்டில் இருக்கும் கதை அது.

வேடர்களைப் பற்றி எழுதிய பழைய வெளிநாட்டவரில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் எங்கள் கிழக்குக் கரையில், கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி அரசனின் கைதியாக இருந்த ஆங்கிலேயர். தப்பிப்போய் 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். வேடருக்கும் கொல்லனுக்கும் நடந்த வியாபாரத்தை அதில் எழுதியிருக்கிறார். ராவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்களாம். தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தில் ஒரு இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். அதே அளவில் அவன் அடித்துவைத்தால் இன்னும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் அம்பு வரும்! மிஞ்சிய இறைச்சியை மரப்பொந்தில் தேன் ஊற்றி, அதற்குள் போட்டு, களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு வைப்பார்கள் என்றும் எழுதுகிறார். இதில் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு குடும்பம் தின்னக்கூடியதும், ஒரு பொந்து கொள்ளக்கூடியதும், ஒரு கொல்லனின் கூலியும். அதற்குமேல் கொல்ல அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

பிறகு 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுதினார்கள். மட்டக்களப்புக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர்களைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்தது 'கண்டே யகா' பற்றிய இடம். முன்னொரு காலத்தில் பெரிய வேட்டைக்காரனாக வாழ்ந்து, இறந்த பிறகும் வேட்டைக்குத் துணைவருபவன் என்று வேடர் நம்பும் முன்னோன் அவன். அவனை வரவழைக்கும் சடங்கில், ஆடுபவர் கையில் வில்லோடு நிலத்தில் மரையின் குளம்படியைத் தேடிப்போவதுபோல் குனிந்து குனிந்து ஆடுவார். அங்கே நின்று, இங்கே பார்த்து, கடைசியில்தான் அம்பு. சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துப்பாருங்கள். கரும்பலகை இல்லாத பாடம் அது. ஆட்டத்தின் பெரும்பகுதி தேடுவது, எய்வது ஒரு நொடி.

அவர்களுக்குக் காட்டில் எல்லையும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத் தொகுதிக்கும் தனக்கென்று வேட்டைக் காடு. அடுத்தவன் காட்டில் கேட்காமல் வேட்டையாடுவது பெரிய குற்றம். சட்டப்புத்தகம் வருவதற்கு முன்பே இந்தக் காட்டுக்குச் சட்டம் இருந்தது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதை வைத்துத்தான்.

வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. பெயர் போடவேண்டாம் என்றார். இளமையில் மாமனோடு காட்டுக்குப் போய்ப் பழகியவர். "ஐயா, முதல்ல உங்களுக்கு என்ன தந்தாங்க?" என்று கேட்டேன். "சோத்து முடிச்சும் தண்ணிப் போத்தலும்தான் மாஸ்டர். ரெண்டு கோடைக்கு அதைத்தான் சுமந்தன்" என்றார்.

சுமக்கும் காலத்தில் அவர் பழகியது என்ன என்று கேட்டால் கதை நீளும். முதலாவது வாயை மூடிக்கொண்டு நடப்பது. இரண்டாவது காற்று. அடுப்புச் சாம்பலைச் சின்னத் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள். தட்டினால் பறக்கும் பக்கம் பார்த்து, மிருகம் நிற்கும் திசையிலிருந்து காற்று நம் முகத்தில் அடிக்கும்படி சுற்றிப்போக வேண்டும். மானின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது என்றார். மூன்றாவது அடிச்சுவடு. பன்றியின் அடியில் பின்பக்கத்துச் சிறு குளம்புகளும் நிலத்தில் பதிந்து கிடக்கும். மானின் அடியில் இறுகிய மண்ணில் அவை தெரியாது, சேற்றிலோ ஓட்டத்திலோதான் தெரியும். சுவட்டின் விளிம்பு உடையாமல் கூராக இருந்தால் புதிது, பனி விழுந்து மழுங்கியிருந்தால் நேற்றையது. நாலாவது, மேலே பார்ப்பது. குரங்குக் கூட்டம் கொப்பிலிருந்து தழையையும் காயையும் உதிர்க்கும், புள்ளிமான் கீழே நின்று பொறுக்கும். புலி வந்தால் மேலே இருப்பவன் கத்துவான், கீழே நிற்பவன் ஓடுவான். இந்தக் கூட்டணியை விலங்கியல் ஆய்வாளர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஐயாவுக்கு அதை அவருடைய மாமா சொல்லியிருக்கிறார். (இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. எங்கள் ஆட்கள் புலி என்பது சிறுத்தையை.)

துவக்கு அவர் கைக்கு வந்தது கடைசியில். இடியன் துவக்கு. மருந்தும் துணியும் ஈயமும் போட்டு இடித்து இறுக்க வேண்டும். ஒரு வெடி தவறினால் அடுத்ததற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் கிட்டப்போகாமல் சுடமுடியாது, நிச்சயமில்லாமல் சுடவும் முடியாது. அந்தத் துவக்கின் குறைபாடே மானுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

எதைச் சுடக்கூடாது என்று கேட்டேன். இங்கேதான் அவர் நிறையப் பேசினார். குட்டியோடு நிற்பதைச் சுடக்கூடாது. பற்றைக்குள் ஆடுவதை, முழு உருவமும் தெரியும்வரை சுடக்கூடாது, அது விறகு பொறுக்கும் மனிசியாகவும் இருக்கலாம். கடும் கோடையில் கடைசிக் குட்டையில் தண்ணீர் குடிக்க வருவதைச் சுடக்கூடாது. "செய்தவங்க இருந்தாங்க. ஆனா அவனை வேட்டைக்காரன் எண்டு ஆரும் சொல்ற இல்ல" என்றார். எல்லாவற்றுக்கும் மேலான விதி: காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. ராவானாலும் இரத்தச் சொட்டைப் பார்த்துப் போக வேண்டும். ஒருமுறை மாமா அவரை இரண்டு நாள் அப்படி இழுத்துக்கொண்டு போனாராம், ஒரு கேளைக்காக. அதன் இறைச்சி அந்த நடைக்குக் காணாது. ஆனாலும் போனார்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்குக் காட்டோடு இருந்த உறவைப் பற்றி நாமே அதிகம் பேசுவதில்லை. வியாபாரம், வயல், கடல், நெசவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏறாவூரின் பணிக்கர்கள் யானை பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், தன் நூலில் வடக்கு, வடகிழக்குச் சோனகக் கிராமங்களின் பணிக்கர்களை வியந்து எழுதியிருக்கிறார். படை இல்லை, பரண் இல்லை, கூட்டம் இல்லை. இரண்டு பேர், ஒரு கயிறு. யானையின் தடம் பார்த்துப் பின்தொடர்ந்து, அது நிற்கும்போது பின்னால் ஊர்ந்துபோய், பின்னங்காலில் சுருக்கைப் போட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். அந்தக் கயிறு எதனால் திரித்தது தெரியுமா? மரைத் தோலால், அல்லது எருமைத் தோலால். யானையை இழுத்து நிறுத்தும் அளவுக்குப் பலம், பாம்புபோல வளையும் நெகிழ்வு, நிலத்தில் இழுபட்டாலும் ஓசை எழாத மென்மை.

போரதீவுப்பற்றில் ஆனைகட்டியவெளி என்று ஒரு ஊர் இருக்கிறது. யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. அந்த வழியாகப் போகும்போது பெயரை மட்டும் ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள்.

பணிக்கர் தொழிலும் குடும்பத்துக்குள் கையோடு கை மாறிய தொழில். தடம் பார்க்கத் தெரியாதவன் கயிற்றைத் தொட முடியாது. வேடர் ஆட்டத்தில் பார்த்ததும், ஐயாவின் மாமா சொன்னதும், பணிக்கர் செய்ததும் ஒரே வரிசை: பார், பொறு, கிட்டப்போ, கடைசியில்தான் கை.

முஸ்லிம் வேட்டைக்காரனுக்கு இன்னொரு பாடமும் இருந்தது. அது பள்ளிவாசலில் படித்தது. தாயி கோத்திரத்து அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள், கொடைக்குப் பெயர்போன ஹாதிம் தாயியின் மகன், வேட்டைப் பிரியர். வேட்டை பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கின்றன. பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் சொல்லி அனுப்பினால் உண்ணலாம். அந்த நாய் தானே தின்னத் தொடங்கியிருந்தால் வேண்டாம், அது தனக்காகப் பிடித்திருக்கலாம். அம்பின் கூர் பாய்ந்து இறந்தால் உண்ணலாம், அகலப்பக்கம் அடித்து இறந்தால் வேண்டாம். அம்பு பட்ட மிருகம் தண்ணீரில் விழுந்து கிடந்தால் வேண்டாம், கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாது. அனைத்தும் ஒரு புதியவன் கேட்கக்கூடிய கேள்விகள். பதில்களைக் கோத்துப்பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகும். சந்தேகம் வந்தால் இறைச்சியை விட்டுவிட வேண்டும். இஹ்ராம் நிலையில் வேட்டைப் பிராணி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாலும் தொடக்கூடாது என்று, அதையே ஒரு சோதனையாக மாயிதா அத்தியாயம் சொல்கிறது.

துவக்கு வந்தபிறகு ஷாபிஈ மத்ஹபுப் பழக்கத்தில் இது இன்னும் இறுகியது. குண்டு வெட்டுவதில்லை, இடிக்கிறது. ஆகவே குண்டடிபட்டு விழுந்த மானில் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய் அறுக்க வேண்டும். செத்துப்போனால் ஹலால் இல்லை. இதன் விளைவை யோசியுங்கள். தூரத்தில் நிற்பதைச் சுட்டுப் பயனில்லை, ஓடிப்போய்ச் சேர முடியாது. இருட்டில் சுட்டுப் பயனில்லை, தேடுவதற்குள் செத்துவிடும். ஆள் இல்லாமல் வெடிக்கும் பொறி வைத்துப் பயனே இல்லை, விடியப் போய்ப் பார்க்கும்போது கிடப்பது செத்தது. மார்க்கச் சட்டம் வேட்டைக்காரனைக் கத்தியோடு கிட்டக் கொண்டுபோய் நிறுத்தியது. அவன் கொல்லும் உயிரின் கண்ணைப் பார்த்தபடி பிஸ்மில்லாஹ் சொல்ல வைத்தது.

இப்படியெல்லாம் முறை இருந்தால் மான் ஏன் குறைந்தது? நியாயமான கேள்வி.

ஆங்கிலேயர் காலத்தில் இரண்டு விசயம் சேர்ந்து நடந்தன. ஒன்று விளையாட்டு வேட்டை. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தார். 1845இல் இடி விழுந்து இறந்தார். சாமுவெல் பேக்கர் நுவரெலியாவில் வேட்டைநாய்க் கூட்டத்தை வைத்து மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையாகப் புத்தகமாகவே எழுதினார். இரண்டாவது, வியாபாரம். மான் தோலும் கொம்பும் காய்ந்த இறைச்சியும் விலைக்குப் போகத் தொடங்கின. ஏற்றுமதியும் ஆயின. ஆங்கிலேயர் எழுதியவற்றில் இந்த இடத்தில் 'சோனக வியாபாரிகள்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. தங்கள் துவக்கை மறைக்க நம்மைக் காட்டினார்கள் என்று சொல்லிவிட்டு நான் தாண்டிப்போகலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் உப்பையும் துணியையும் வெடிமருந்தையும் கொண்டுபோய்க் காட்டோரத்தில் கொடுத்துவிட்டுத் தோல் கட்டோடு திரும்பியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். இருக்கவில்லை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

தோலுக்கு விலை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் தாய்வான். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள், நாம் படிப்பிக்கிற பாடம்தான். அதே ஒல்லாந்தக் கம்பனி அதே 1638இல் தாய்வானிலிருந்து யப்பானுக்கு அனுப்பிய மான் தோல் ஒரு இலட்சத்துக்கும் அதிகம். சில வருடங்களில் மான் குறைந்து, குழி தோண்டிப் பிடிப்பதைக் கம்பனியே தடுக்கவேண்டி வந்தது. அந்தத் தீவின் புள்ளிமான் 1969 அளவில் காட்டில் இல்லாமலே போய்விட்டது. பிறகு கூண்டில் வளர்த்தவற்றைத்தான் திரும்பக் காட்டில் விட்டார்கள். அங்கும் பழங்குடி வேட்டைக்காரர்கள் இருந்தார்கள், அங்கும் முறை இருந்தது. முறை என்பது பசிக்குப் போடப்பட்ட அளவு. சந்தைக்குப் பசி ஆறாது.

இலங்கையில் 1891இல் யானை, எருமை முதலான வேட்டை மிருகங்களை வீணாகக் கொல்வதற்கு எதிரான கட்டளைச்சட்டம் வந்தது. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அதை அமைத்தவர்களில் பலர் வேட்டைக்காரத் துரைமார்தான். தங்களுக்குச் சுட மிருகம் மிஞ்ச வேண்டும் என்பதும் அவர்களுடைய கவலையில் ஒன்று. அதே சங்கம்தான் பிறகு இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். உரிமம் வாங்க வசதியுள்ளவன் விளையாட்டு வீரன், வசதியில்லாத சேனைக்காரன் கள்ள வேட்டைக்காரன் என்ற பிரிப்பு அந்தக் காலத்தில் விழுந்தது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1913இல் எழுதிய நாவலின் நாயகன் சிலிந்து, அப்படிப்பட்ட ஒரு காட்டூர் வேட்டைக்காரன்தான். அதற்குப் பிறகு 1937ம் ஆண்டின் 2ம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு, 1993இலும் 2009இலும் பெரிதாகத் திருத்தப்பட்டு, இன்றுவரை நடைமுறையில் இருப்பது அதுதான்.

எங்கள் காட்டின் உருவம் மாறியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. காடு வெட்டப்பட்டது, குளம் கட்டப்பட்டது, இலக்கம் போட்ட கொலனிகள் வந்தன. நவகிரிநகரை இன்றைக்கும் 39ம் கொலனி என்றுதானே சொல்கிறோம். மரை படுத்த இடம் வயலானது. அதே 1949இல் வனசீவராசிகள் திணைக்களமும் அமைக்கப்பட்டது. 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா. வெட்டியதும் காத்ததும் ஒரே காலம். 1971 கிளர்ச்சியின்போது அரசாங்கம் துவக்குகளைக் கையளிக்கச் சொன்னது. 1978 நவம்பர் சூறாவளி பெருமரங்களைச் சாய்த்தது. அதன்பின் யுத்தம்.

யுத்தத்தை நான் இங்கே விரிக்கப்போவதில்லை. இந்தக் கதைக்குத் தேவையானது இவ்வளவுதான்: காட்டுக்குள் போவது உயிராபத்தான காரியமானது. 1990க்குப் பிறகு முஸ்லிம்கள் பலர் படுவான்கரையில் இருந்த தங்கள் வயலுக்கே போக முடியாமல் இருந்தார்கள், காடு எங்கே? தமிழ்ப் பொடியன்மார் காட்டுக்குள் போனது வேறு காரணத்துக்கு, அல்லது வேறு யாரோ இழுத்துக்கொண்டு போனதால். 2007இல் படுவான்கரை இராணுவக் கட்டுப்பாட்டில் வந்து மெல்லமெல்லப் பாதை திறந்தபோது, மாமன் மருமகனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. ஐயாவிடம் கடைசியாக யாருக்குப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். மருமகன் ஒருவனுக்குத் தொடங்கினாராம், சோத்து முடிச்சு சுமக்கும் கட்டத்தில். 1990க்குப் பிறகு அவன் இல்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஆகவே இன்றைக்கு ராவில் காட்டுக்குப் போகிறவனுக்குப் பழக்கியவர் யாருமில்லை. அவனிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், தலை லைட், போனில் பார்த்த வீடியோ, வாங்க ஆள் இருக்கிறது என்ற தைரியம். அடிச்சுவடு தெரியாது, தேவையுமில்லை. வெளிச்சத்தைக் கண்டு மான் திகைத்து நிற்கும். தீசன் சுண்டிய நாண் இங்கே யாரிடமும் இல்லை.

அதிலும் கெட்டது கட்டுத்துவக்கு. பார்க்கிற கண் இல்லாத துவக்கு அது. கம்பியில் தட்டுப்பட்டது மானா, மாடா, தேன் எடுக்கப் போனவனா, மாடு தேடிப் போன பொடியனா என்பது அதற்குத் தெரியாது. முழங்கால் உயரத்தில் வெடிக்கும். படுவான்கரையில் கால் போனவர்களைக் கண்ணிவெடிக் கணக்கில் மட்டும் சேர்க்க முடியாது. பன்றிக்கு என்று வைக்கும் ஹக்கபட்டாஸ் இன்னொரு கொடுமை. அதைக் கடித்த யானைக்கன்று உடைந்த வாயோடு தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும். யானை வந்து வீட்டை உடைக்கிறதே, அதற்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க உரிமை இருக்கிறது, வெல்லாவெளிப் பக்கத்தில் யானையால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆனால் வாய் உடைந்த யானை, நோவோடு திரியும் யானை. அது அதிகம் ஊருக்குள் வருமா குறைய வருமா என்று தடம் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள்.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருப்பார்கள். இன்று இலங்கையில் புள்ளிமான், மரை, கேளை, உக்குளான் எதையும் வேட்டையாடுவதும், இறைச்சி வைத்திருப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். உரிமம் இல்லாத துவக்கு 1916ம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். பிடிபடுவது பெரும்பாலும் சுட்டவன், கூடப்போன பொடியன். 'இறைச்சி வந்தா சொல்லு தம்பி' என்று எழுவான்கரையிலிருந்து போன் எடுத்தவர் பிடிபடுவதில்லை. கலியாண வீட்டில் மரை இறைச்சி வைப்பதைப் பெருமையாக நினைக்கும் என் ஊரவர்களே, அந்தப் பிளேட்டில் இருப்பது பெரும்பாலும் இருட்டில் செத்தது. அறுத்தது எப்போது, யார் என்று கேட்டிருக்கிறீர்களா? அதீ (ரலி) அவர்கள் கேட்டிருப்பார்கள்.

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் புதியவனைச் சும்மா காட்டுக்குள் விடுவதில்லை. நியூயோர்க் மாநிலம் இளம் வேட்டைக்காரருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது 1949இல், நாங்கள் திணைக்களம் அமைத்த அதே வருடம். ஜெர்மனியில் பரீட்சை எழுதாமல் வேட்டை உரிமம் இல்லை. மிருகங்களை இனங்காணல், நோய், சட்டம், துவக்கு என்று பாடமே இருக்கிறது. ஐயாவின் மாமா நடத்திய வகுப்பை அவர்கள் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பு ஆசிரியரோடு போய்விட்டது.

முழுதாகப் போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். ஐயா இன்றைக்கும் விடியக்காலை வயலுக்குப் போகும்போது வரம்பில் குனிந்து பார்த்து, ராவில் எத்தனை யானை கடந்தது, கன்று இருந்ததா, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லைக் கேட்டு அன்று மாடுகளை வேறு பக்கம் ஓட்டுகிறார்கள் அயலவர்கள். போன மாதம் அவரோடு ஒரு காலை நடந்தேன். இரண்டு கிலோமீற்றருக்குள் பதினொரு சுவடு காட்டினார். நான் படம் எடுத்து, அவர் சொன்ன பெயர்களைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிவில் போடுகிறேன்.

அதுவரை ஒரு வேண்டுகோள். ஏறாவூரில், ஓட்டமாவடியில், அல்லது வேறெங்கும் பணிக்கர் குடும்பங்களில் வந்தவர்கள் இதை வாசித்தால், வீட்டுப் பரணில் அந்தத் தோல் கயிறு இன்னும் கிடக்கிறதா என்று மூத்தம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். இருந்தால் எத்தனை புரி, எவ்வளவு நீளம், மரைத் தோலா எருமைத் தோலா என்று அறிந்து சொல்லுங்கள். கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள்.